ஏணி ஒன்று, மொழி இரண்டு: தொடக்க வகுப்புகளில் ஆங்கில மதிப்பீடு

தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கிறது. வகுப்பைப் பாராமல் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதே ஏணி பொருந்தும் என்ற எண்ணம் ஆய்வுக்குரியது. பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆறு வயதுக் குழந்தை 'மரம்' என்று எழுத்துக்கூட்டும்போது, தன் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்லைத்தான் தாளில் கண்டுகொள்கிறது. பிழையாகக் கூட்டினாலும் காது திருத்திவிடும். ஆங்கிலத்தில் 'ஃபாக்ஸ்' என்று கூட்டும் குழந்தைக்கு அப்படித் திருத்தித்தரக் காதில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, 'பட்', 'புட்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டிலும் இருப்பது ஒரே உயிரெழுத்து, ஒலியோ வேறு. எழுத்து, சொல், வாக்கியம் என்று ஏறும் வரிசை தமிழில் வாசிப்பை அளக்கிறது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நினைவாற்றலையும், சில சமயம் வெறும் கையெழுத்தையும் அளக்கிறது.

இளங்குழந்தைகளின் மொழி மதிப்பீட்டைப் பற்றி 2006இல் நூல் எழுதிய பென்னி மக்கே, பெரியவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்துக்காட்டும் மூன்றைச் சொல்கிறார்: வளர்ச்சி, எழுத்தறிவு, எளிதில் புண்படும் இயல்பு. இரண்டாவதே நமக்கு முக்கியம். முதல் மொழியிலேயே எழுதப் பழகாத கையிடம் அயல்மொழியின் எழுத்துத் தேர்வைக் கொடுத்தால், கிடைக்கும் மதிப்பெண் எந்தக் குறையைச் சொல்கிறது என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைக்கான அசர் (ASER) ஆய்வின் ஆங்கிலக் கருவியும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சொல், வாக்கியம் என்றே செல்கிறது. ஆனால் வாசித்த குழந்தையிடம் பொருளைத் தாய்மொழியில் கேட்கிறது. இந்தச் சிறு கேள்வி பெரிய வேறுபாட்டைச் செய்கிறது: ஒலிப்பதும் புரிவதும் அங்கே தனித்தனியாகத் தெரிகின்றன.

நம் பள்ளிகளிலோ தாளில் தெரிவதையே அளக்கும் பழக்கம் இத்திட்டத்துக்கும் முந்தியது. கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டைக் கோரியது. 2012–13இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நடைமுறையில் அந்த 40உம் தாளில் காட்டக்கூடியவற்றின் பக்கமே சாய்ந்தது. குழந்தைகள் ஏட்டில் ஒட்டிக் கொண்டுவந்த படங்களில் பெற்றோரின் கைவண்ணம் எவ்வளவு என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

பதிவேட்டில் ஏறாதவை வேறு. 'ஸ்டாண்ட் அப்' என்றதும் எழும் குழந்தை, பக்கத்துக் குழந்தையைப் பார்த்து எழுந்ததா, கேட்டு எழுந்ததா? மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, கதையில் வரும் கரடிக்காக ஒரு நாள் 'நோ!' என்று கத்தும் குழந்தையை எந்த நிலையில் வைப்பது? மைதானத்தில் 'அவுட்', 'நாட் அவுட்' என்று வழக்காடும் சிறுவன், அட்டையிலுள்ள 'பேட்' என்ற சொல்லை வாசிக்கத் திணறினால் அரும்புதான்.

இவற்றைக் காணக் கருவி வேண்டாம், நேரம் வேண்டும். ஐந்து வகுப்புகளையும் இருவர் சுமக்கும் பள்ளியில் எல்லாக் குழந்தைகளையும் தினமும் கவனிக்க இயலாது. நாளுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு வரி, அதுவும் தமிழில் என்றால் இயலும். திட்டத்தின் மதிப்பீட்டுச் செயலியில் புள்ளிகளை ஏற்றும் வேலையைக் குறைத்தால்தான் அதற்கும் இடம் கிடைக்கும். செயலியை வடிவமைப்போர் ஆங்கிலத்தில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் மதிப்பெண் இல்லாத, சொற்களால் நிரப்பும் ஒரு கட்டத்தை முதலில் திறந்துதர வேண்டும்.