ஊசியால் உயிர் பெற்ற கார்ட்ரிஜ்

மை தீர்ந்த கார்ட்ரிஜுக்குள் சிரிஞ்சால் மை ஏற்றும் வேலையின் கதையைச் சிரிஞ்சிலிருந்தே தொடங்குவதுதான் முறை. இங்க்ஜெட் பிரிண்டர் பிறந்ததில் ஒரு சிரிஞ்சுக்கும் பங்கு உண்டு.

1977. டோக்கியோவில் கேனான் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். இச்சிரோ எண்டோ என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் மையைத் துளித்துளியாகத் தாளில் தெறிக்க வைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் மை நிரம்பிய சிரிஞ்சு. பக்கத்தில் சூடேறிய சால்டரிங் அயர்ன். அயர்னின் முனை தற்செயலாக ஊசியில் பட்டதும் ஊசி வாயிலிருந்து மை பீச்சியடித்தது. யாரும் சிரிஞ்சை அழுத்தவில்லை. சூடு பட்ட இடத்தில் மை கொதித்துக் குமிழாகி, முன்னால் இருந்த மையை வெளியே தள்ளிவிட்டது. அந்த ஆண்டே கேனான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பின்னாளில் ‘பபிள் ஜெட்’ என்று கடைக்கு வந்தது இதுதான்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில், எச்.பி. ஆய்வகத்தின் ஜான் வாட் தன் சகாவான டேவ் டொனால்டுடன் சேர்ந்து தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காபி பெர்கோலேட்டரில் கொதிநீர் குழாய் வழியாக மேலே எம்பி வருவது அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்ததாகச் சொல்வார்கள். துளைக்குப் பின்னால் மிகச் சிறிய ஒரு மின்தடை. மின்சாரம் பாய்ந்ததும், வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் அது 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதை ஒட்டிய மை குமிழாகும். குமிழ் ஒரு துளியை வெளியே எறியும். குமிழ் உடைந்ததும் அந்த இடத்துக்குப் புது மை ஓடிவரும். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது.

எறிவதற்கென்றே செய்த தலை

அதுவரை வந்த மைத்தெளிப்பு இயந்திரங்களுக்கெல்லாம் பொதுவான நோய் அடைப்பு. துளை நுண்ணியது, மை உலரக்கூடியது. அடைத்துக்கொண்டால் பழுது பார்க்க ஆள் வரவேண்டும். எச்.பி. பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி துணிச்சலானது. மை, மின்தடை, துளைத்தகடு மூன்றையும் ஒரே சிறிய பெட்டியில் வைத்தார்கள். மை தீர்ந்தால் பெட்டியோடு மாற்றிவிட வேண்டியதுதான். மை இருக்கிற காலம் வரைக்கும் துளைகள் பிழைத்திருந்தால் போதும். வீட்டில் இருப்பவரே ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ளலாம். 1984-இல் வந்த ‘திங்க்ஜெட்’ பிரிண்டரின் விலை 495 டாலர். கார்ட்ரிஜில் 12 துளைகள். 1988-இல் வந்த ‘டெஸ்க்ஜெட்’டில் துளைகள் 50, அங்குலத்துக்கு 300 புள்ளிகள், சாதாரணத் தாளிலேயே அடிக்கும்.

தூக்கி எறியும் கார்ட்ரிஜைக் காசு பறிக்கும் சூழ்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் அது நேர்மையான பொறியியல் தீர்வு; அதை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தீர்வுக்குள்ளேயே ரீஃபிலின் விதை இருந்தது. மை இருக்கும்வரை பிழைத்தால் போதும் என்று செய்த தலை, அதாவது துளைகளும் மின்தடைகளும் சேர்ந்த அச்சுப்பகுதி, மை தீர்ந்த பிறகும் பிழைத்தே கிடந்தது. மின்தடைகள் வேலை செய்தன, துளைகள் திறந்திருந்தன, உள்ளே மையைத் தாங்கிய பஞ்சு மட்டும் காய்ந்திருந்தது. வேலை செய்கிற பொருளைக் குப்பையில் போட எத்தனையோ கைகளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தில்தான் ரீஃபில் பிறந்தது.

பிறகு வியாபாரக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு ஆண்டு பிரிண்டர் விலை சரிந்தது; கார்ட்ரிஜ் விலை அப்படிச் சரியவில்லை. மலிவான பிரிண்டர் ஒன்றுக்குக் கறுப்பும் கலரும் புதிதாக வாங்கினால், பிரிண்டர் விலையில் பாதியைத் தாண்டிவிடும் நிலை வந்தது.

பஞ்சின் பாடம்

தொண்ணூறுகளில் மை புட்டியும் சிரிஞ்சும் கையுறையும் அடங்கிய ரீஃபில் கிட் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்கு வந்துவிட்டது. பார்வைக்கு எளிய வேலை. கார்ட்ரிஜுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கே அது கைகூடும்.

கார்ட்ரிஜின் அடிப்பக்கம் துளைகள் திறந்தேதான் இருக்கின்றன. மை ஏன் ஒழுகுவதில்லை? உள்ளே இருக்கும் பஞ்சு மையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. துளை வாயில் வெளிக்காற்றைவிட ஒரு துளி குறைவான அழுத்தம் எப்போதும் இருக்க வேண்டும். பஞ்சு குடிக்கக்கூடியதைவிட அதிகமாக ஊற்றினால் அந்தப் பிடி விட்டுப்போகும், மை சொட்டும், தாளெல்லாம் கறை. வேகமாக அழுத்தினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். மை இருந்தும் எழுத்து விழாது. ஆகவே பழகிய கை ஊசியைப் பஞ்சின் ஆழத்துக்கு இறக்கி, மெல்ல மெல்ல ஏற்றும். மேலே மை தலைகாட்டியதும் நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

கலர் கார்ட்ரிஜில் மூன்று அறைகள்: சியான், மெஜந்தா, மஞ்சள். லேபிளை உரித்தால் துளைகள் தெரியும். எந்தத் துளை எந்த நிறத்துக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரு பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு நிறம் பார்த்த பிறகே ஊசி இறங்க வேண்டும். தவறான அறையில் இறங்கினால் அந்தக் கார்ட்ரிஜ் போனதுதான். ஏற்றி முடித்ததும் ஈர டிஷ்யூ தாளில் தலையை ஒற்றி எடுத்தால், மூன்று நிறக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாக விழவேண்டும். விழுந்தால் வேலை முடிந்தது.

இன்னொரு பாடத்தைப் பலர் கார்ட்ரிஜை இழந்தே கற்றார்கள். வெப்ப முறைத் தலையில் மின்தடையைக் குளிரவைப்பதும் மைதான். மை இல்லாமல் அடித்துக்கொண்டே போனால் மின்தடை கருகிவிடும். பிறகு எவ்வளவு மை ஏற்றினாலும் பயனில்லை. எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்பிவிட வேண்டும். மையின் வகையும் முக்கியம். பல மாடல்களில் கறுப்பு, நிறமித் துகள் மிதக்கும் மை. கலர், நீரில் கரைந்த சாயம். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் அடைப்பு வரலாம். இத்தனை கவனம் எடுத்தாலும் சில சுற்றுகளுக்குப் பிறகு தலை தேய்ந்து ஓயும். ரீஃபில் என்பது ஆயுளை நீட்டித் தருவது. சாகாவரம் தருவதாக யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

நம் ஊருக்கு இந்த வேலை புதுச்சேதியாக வரவில்லை. பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து ஃபவுண்டன் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்ட தலைமுறை நம்முடையது. மை தீர்ந்தது என்பதற்காகப் பேனாவை எறிந்தவர் யார்? சென்னை ரிட்சி தெருவிலும், கல்லூரிகளைச் சுற்றி முளைத்த டி.டி.பி. கடைகளிலும், ஜெராக்ஸ் கடைகளிலும் ‘கார்ட்ரிஜ் ரீஃபில் செய்து தரப்படும்’ என்ற பலகை தொங்கியது. மருந்துக்கடை சிரிஞ்சை வாங்கி வந்து வீட்டிலேயே ஏற்றிக்கொண்டவர்களும் ஏராளம். மாணவரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டும், வேலை தேடுபவரின் பயோடேட்டாவும் கட்டுப்படியாகும் விலையில் அச்சாகி வந்ததற்கு இந்தக் கைகளும் காரணம்.

வாங்கியது யாருடையது?

ரீஃபில் பரவியதும் கேள்வி நீதிமன்றம் ஏறியது. ‘ரிப்பீட்-ஓ-டைப் ஸ்டென்சில்’ என்ற அமெரிக்க நிறுவனம் எச்.பி.யின் புதிய கார்ட்ரிஜ்களை வாங்கி, திரும்ப நிரப்பத் தோதாக மூடியை மாற்றியமைத்து விற்றது. காப்புரிமையை மீறுகிறார்கள் என்று எச்.பி. வழக்குப் போட்டது. 1997-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் எச்.பி.யின் வாதத்தை ஏற்கவில்லை. கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் விற்ற பொருளை, வாங்கியவர் தமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட வேண்டும் என்ற விற்பவரின் விருப்பம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஜப்பானில் தீர்ப்பு வேறுவிதமாக வந்தது. கேனானின் பழைய மைத்தொட்டிகளைக் கழுவி, மை நிரப்பி, வணிகமாக விற்ற ‘ரீசைக்கிள் அசிஸ்ட்’ நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. அப்படிச் செய்வது காப்புரிமை பெற்ற பொருளைப் புதிதாக உற்பத்தி செய்வதற்குச் சமம் என்றது. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிஜ் வழக்கில், விற்றதோடு விற்றவரின் காப்புரிமைப் பிடி முடிந்தது என்று திட்டவட்டமாகச் சொன்னது.

சட்டம் விட்ட இடத்தைச் சிப் பிடித்துக்கொண்டது. மையின் அளவை எண்ணிவைக்கும் சிறிய சிப்புகள் கார்ட்ரிஜில் ஏறின. உள்ளே மை நிரம்பியிருந்தாலும் ‘தீர்ந்தது’ என்று சிப் சொன்னால் பிரிண்டர் நின்றுவிடும். அதற்கு எதிராகச் சிப்பைத் திரும்பத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட்டர்கள் சந்தைக்கு வந்தன. 2016 செப்டம்பர் 13 அன்று, எச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பிற நிறுவனச் சிப் உள்ள கார்ட்ரிஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. ஏற்கெனவே இறங்கியிருந்த மென்பொருள் அன்று விழித்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பவே எச்.பி. மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கி, மேசைமேல் வைத்திருக்கும் சொந்தப் பொருள், எங்கிருந்தோ வரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நிற்பது நியாயமில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

துளை மூடியான நாள்

இந்தோனேசியாவில் ரீஃபில் அடுத்த படிக்குப் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் ஊசி குத்துவதை விட்டுவிட்டு, பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டிகளை நிறுத்தி, மெல்லிய குழாய்களைக் கார்ட்ரிஜுக்குள் இழுத்துவிட்டார்கள் அங்கிருந்த கடைக்காரர்கள். தொட்டியில் மை குறைந்தால் மேலே ஊற்றினால் போதும். இந்தக் குழாய் ஏற்பாடு நம் ஸ்டூடியோக்களிலும் டி.டி.பி. கடைகளிலும் நன்றாகவே ஓடியது. தலை கார்ட்ரிஜோடு போகாமல் பிரிண்டரிலேயே நிலைத்திருக்கும் எப்சன் பிரிண்டர்களுக்கு இது மிகப் பொருத்தம்.

2010 அக்டோபரில் எப்சன் நிறுவனமே, முதன்முதலாக இந்தோனேசியாவில், மைத்தொட்டி கட்டிய பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்100, எல்200 என்று பெயர். 70 மில்லி புட்டி மை. தொட்டிக்கு நிறுவனமே வைத்த மூடி. பிரிண்டரைச் சற்று விலை கூட்டி விற்று, மையை மலிவாகக் கொடுக்கும் புதிய கணக்கு. நம் நாட்டுக்கும் அது சீக்கிரமே வந்துசேர்ந்தது. 2015 முதல் கேனானின் ஜி வரிசையும், அடுத்து எச்.பி.யின் ஜி.டி. வரிசையும் அதே வழியில் வந்தன. ஒருகாலத்தில் உத்தரவாதம் செல்லாது என்று எச்சரிக்கப்பட்ட வேலையை, இன்று பிரிண்டரோடு வரும் கையேடே படம் போட்டுச் சொல்லித் தருகிறது.

இந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் உருவானதாக நான் நினைக்கவில்லை. லேபிளை உரித்தவர்கள், குழாய் இழுத்தவர்கள், விரல்களில் மெஜந்தா கறையோடு கடை நடத்தியவர்கள் எல்லாரும் சேர்ந்து, மக்களுக்கு வேண்டியது என்ன என்பதைச் செய்தே காட்டினார்கள். 2022-இல் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. அந்த உரிமைக்குப் பெயர் வைக்கும் முன்பே அதை நடைமுறையில் நிலைநாட்டியவர்கள் இவர்கள். அடுத்த பிரிண்டர் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன், ‘மை தீர்ந்தால் இதை நானே நிரப்பலாமா?’ என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கடைக்குக் கடை கேட்க ஆரம்பித்தால், மற்ற சாதனங்களைச் செய்கிறவர்களும் அதற்குப் பதில் தேடியாக வேண்டும்.