இங்கிலாந்தின் அவசர மருத்துவப் பிரிவுகளில் நெரிசல்

இங்கிலாந்தின் அவசர மருத்துவப் பிரிவுகளில் நெரிசல் என்பது, அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் தம் கொள்ளளவுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தாங்க நேரும் நிலையைக் குறிக்கும். நீண்ட காத்திருப்பு, நடைவழிகளில் சிகிச்சை, மருத்துவமனை வாயிலில் அவசர ஊர்திகள் வரிசையாக நிற்றல் ஆகியன இதன் வெளிப்பாடுகள் ஆகும். சிறு நோய்களுக்காக வருவோரே இதற்குக் காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும் உள்நோயாளர் பிரிவுகளில் படுக்கை கிடைக்காமையே நோயாளிகளுக்குத் தீங்கு விளைவிக்கும் நெரிசலின் முதன்மைக் காரணம் என அவசர மருத்துவத் துறையினர் கருதுகின்றனர். பணிநேரத்துக்கு அப்பாற்பட்ட மருத்துவ சேவையில் ஏற்பட்ட மாற்றங்களும் இச்சிக்கலோடு தொடர்புடையவை.

வரலாறு

தேசிய சுகாதார சேவை 1948 சூலை 5 அன்று தொடங்கப்பட்டது. சிகிச்சை பெறும் இடத்தில் கட்டணம் இல்லை என்பது அதன் அடிப்படைக் கொள்கை ஆகும். அக்காலத்தில் மருத்துவமனைகளில் இருந்த அவசரப் பிரிவுகள் பெரும்பாலும் அனுபவம் குறைந்த இளம் மருத்துவர்களின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. 1962 இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, இப்பிரிவுகளை "விபத்து மற்றும் அவசரப் பிரிவு" எனப் பெயர் மாற்றவும், அவற்றை முதுநிலை மருத்துவர்களின் பொறுப்பில் வைக்கவும் பரிந்துரைத்தது. 1970களில் அவசர மருத்துவத்துக்கெனத் தனி முதுநிலை மருத்துவர்கள் நியமிக்கப்படலாயினர். இதன் வழியே அவசர மருத்துவம் தனித்த மருத்துவத் துறையாக வளர்ந்தது.

பணிநேரத்துக்கு அப்பாற்பட்ட மருத்துவ சேவை

இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் தம் பகுதியிலுள்ள ஒரு பொது மருத்துவரின் மருத்துவமனையில் பதிவு செய்துகொள்வது வழக்கம். 2004 வரை, பதிவு செய்த நோயாளிகளின் இரவுநேர, வாரஇறுதித் தேவைகளுக்கும் அப்பொது மருத்துவரே பொறுப்பு வகித்தார். பலர் முறைவைத்தும், கூட்டுறவு அமைப்புகளை உருவாக்கியும், மாற்று மருத்துவர்களை அமர்த்தியும் இப்பொறுப்பை நிறைவேற்றினர்.

2004 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம், ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு வருவாயை விட்டுக்கொடுத்து இப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளப் பொது மருத்துவர்களை அனுமதித்தது. பெரும்பான்மையோர் விலகினர். பொறுப்பு உள்ளூர்ச் சுகாதார அமைப்புகளிடம் சென்றது. அவை தனியார் நிறுவனங்கள், மருத்துவர் கூட்டுறவுகள் ஆகியவற்றின் மூலம் சேவையை வழங்கின.

வேலைநாட்களில் மாலை 6.30 முதல் காலை 8 மணி வரையும், வாரஇறுதிகளிலும், பொது விடுமுறை நாட்களிலும் பணிநேரத்துக்கு அப்பாற்பட்ட காலமாகக் கருதப்படுகிறது. ஒரு வாரத்தின் 168 மணிநேரத்தில் இது 115.5 மணிநேரம் ஆகும். அதாவது, வாரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட நேரம் நோயாளியை அறிந்த மருத்துவர் பணியில் இருப்பதில்லை.

2008 இல் கேம்பிரிட்ச்சயர் பகுதியில் நிகழ்ந்த ஓர் இறப்பு இச்சேவையின் மீது நாடு தழுவிய கவனத்தை ஈர்த்தது. செருமனியிலிருந்து வாரஇறுதிப் பணிக்காக வந்த மருத்துவர் ஒருவர், பிரித்தானியாவில் தமது முதல் பணிமுறையிலேயே ஒரு நோயாளிக்கு டையமார்பின் என்னும் வலிநீக்கியைப் பரிந்துரைக்கப்பட்ட அளவைப்போல் பத்து மடங்கு செலுத்தினார். நோயாளி இறந்தார். 2010 இல் மரண விசாரணை அதிகாரி இதனைச் சட்டத்துக்குப் புறம்பான கொலை எனத் தீர்மானித்தார். வெளிநாட்டு மருத்துவர்களின் மொழியறிவையும் தகுதியையும் சரிபார்க்கும் முறைகள் இதன்பின் கடுமையாக்கப்பட்டன.

தொலைபேசி வழி ஆலோசனைக்காக 1998 இல் என்.எச்.எஸ். டைரக்ட் என்னும் சேவை தொடங்கப்பட்டது. இதில் செவிலியர்கள் ஆலோசனை வழங்கினர். 2013 இல் 111 என்ற எண்ணைக் கொண்ட சேவை நாடு முழுவதும் இதன் இடத்தைப் பெற்றது. புதிய சேவையில் அழைப்புகளை முதலில் ஏற்போர், மருத்துவத் தகுதி அற்ற, பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆவர். இவர்கள் கணினி காட்டும் வினாக்களைப் பின்பற்றி முடிவெடுக்கின்றனர். இம்முறை தேவைக்கு மேல் பலரை அவசரப் பிரிவுக்கு அனுப்புகிறது என்ற விமர்சனம் உண்டு.

நோயாளிகளைத் தரம் பிரித்தல்

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி அன்றி, நோயின் தீவிரத்தின்படியே நோயாளிகள் பார்க்கப்படுகின்றனர். 1994 இல் உருவாக்கப்பட்ட மான்செசுட்டர் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இதில் ஐந்து நிறங்கள் உள்ளன:

* சிவப்பு - உடனடியாகப் பார்க்கப்பட வேண்டியவர்
* செம்மஞ்சள் - 10 நிமிடங்களுக்குள்
* மஞ்சள் - 60 நிமிடங்களுக்குள்
* பச்சை - 120 நிமிடங்களுக்குள்
* நீலம் - 240 நிமிடங்களுக்குள்

நான்கு மணிநேர இலக்கு

2000 ஆம் ஆண்டில் அரசு வெளியிட்ட தேசிய சுகாதார சேவைத் திட்டம், அவசரப் பிரிவுக்கு வரும் ஒருவர் நான்கு மணிநேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்படவோ, வேறிடத்துக்கு மாற்றப்படவோ, வீட்டுக்கு அனுப்பப்படவோ வேண்டும் என்ற இலக்கை நிர்ணயித்தது. 2004 இன் இறுதிக்குள் இதனை எட்ட வேண்டும் எனக் கூறப்பட்டது. விதிவிலக்கான நோயாளிகளைக் கருத்திற்கொண்டு இலக்கு 98 விழுக்காடாக அமைந்தது. 2010 இல் கூட்டணி அரசு இதனை 95 விழுக்காடாகக் குறைத்தது. இங்கிலாந்து முழுமைக்குமாக 95 விழுக்காடு கடைசியாக எட்டப்பட்டது 2015 சூலையில் ஆகும்.

இவ்விலக்கு குறித்து இருவேறு மதிப்பீடுகள் உள்ளன. கடிகாரத்தைப் பார்த்து மருத்துவம் செய்ய வைக்கிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். நான்கு மணிநேரம் முடிவதற்குச் சற்று முன்னர் பிரிவை விட்டு அனுப்பப்படுவோரின் எண்ணிக்கை திடீரென உயர்வதைத் தரவுகள் காட்டின. நோயாளியைப் பிரிவுக்குள் ஏற்காமல் அவசர ஊர்தியிலேயே காத்திருக்க வைத்தால் கடிகாரம் தொடங்காது என்ற குறையும் இருந்தது. ஊர்தி வந்து 15 நிமிடங்கள் ஆனதும், நோயாளி ஒப்படைக்கப்படாவிடினும், நேரத்தைக் கணக்கிடும் விதி இக்குறையை நீக்கும் நோக்குடையது.

மறுபுறம், நிதி ஆய்வு நிறுவனத்தின் பொருளியலாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விலக்கு காத்திருப்பைக் குறைத்ததுடன், அதனால் பாதிக்கப்பட்ட நோயாளிகளிடையே 30 நாள் இறப்பு வீதத்தையும் குறைத்தது எனக் கண்டது.

காரணங்கள்

ஓர் அவசரப் பிரிவின் கொள்ளளவு, வருவோரின் எண்ணிக்கையை மட்டும் அன்றி, வெளியேறுவோரின் வேகத்தையும் சார்ந்தது. எடுத்துக்காட்டாக, 20 கட்டில்கள் உள்ள ஒரு பிரிவில் ஒவ்வொரு நோயாளியும் 4 மணிநேரம் தங்கினால் ஒரு நாளில் 120 பேருக்கு இடம் கிடைக்கும். உள்நோயாளர் படுக்கைக்காகக் காத்திருப்போர் 10 கட்டில்களை நாள் முழுதும் நிரப்பியிருந்தால் எஞ்சுவது 60 பேருக்கான இடமே. வருவோர் எண்ணிக்கையில் ஒருவர்கூட அதிகரிக்காமலேயே பிரிவு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. இந்நிலை வெளியேற்றத் தடை என அழைக்கப்படுகிறது. சுளுக்கு, காய்ச்சல் போன்றவற்றுக்காக வருவோர் காத்திருப்பு அறையின் நாற்காலிகளை நிரப்புகின்றனர். கட்டில்களை அவர்கள் நிரப்புவதில்லை.

வெளியேற்றத் தடைக்குப் பின்வருவன காரணங்களாகக் கூறப்படுகின்றன:

* படுக்கைகளின் குறைவு: இங்கிலாந்தில் 1987-88 இல் ஏறத்தாழ 299,000 ஆக இருந்த மருத்துவமனைப் படுக்கைகள், 2019 அளவில் ஏறத்தாழ 141,000 ஆகக் குறைந்தன. நீண்டகால மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டமையும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அன்றே வீடு திரும்பும் முறை வளர்ந்தமையும் இதற்குக் காரணங்கள்.
* படுக்கைகள் நிரம்பியிருத்தல்: 85 விழுக்காட்டுக்கு மேல் படுக்கைகள் நிரம்பும்போது இடம் கிடைக்காமற்போகும் இடர் தோன்றுகிறது என்றும், 90 விழுக்காட்டைத் தாண்டினால் நெருக்கடிகள் வழக்கமாகும் என்றும் 1999 இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. குளிர்காலங்களில் இவ்வளவு 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமாகியுள்ளது.
* சமூகப் பராமரிப்பின் பற்றாக்குறை: முதியோருக்கான வீட்டு உதவியும் பராமரிப்பு இல்லங்களும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளன. சுகாதார சேவையைப் போல் அன்றி, இவை வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டே வழங்கப்படுகின்றன. இவ்வேற்பாடு தாமதமாவதால், நலமடைந்த பின்னும் பலர் மருத்துவமனையிலேயே தங்க நேர்கிறது. 2022-23 குளிர்காலத்தில் இவ்வாறு தங்கியோர் ஒரு நாளில் 12,000 பேருக்கும் அதிகம்.

2022-2023 குளிர்காலம்

2020 ஏப்ரலில், கோவிட்-19 பெருந்தொற்றின் தொடக்கத்தில், அவசரப் பிரிவுகளுக்கு வந்தோரின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடப் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. மாரடைப்பு போன்ற கடும் நோய் உடையோரும் மருத்துவமனைக்கு வர அஞ்சியமை கவலையை ஏற்படுத்தியது. பின்னர் எண்ணிக்கை பழைய அளவை எட்டியது.

2022 திசம்பரில் நிலைமை அதுவரை பதிவானவற்றுள் மிக மோசமான அளவை அடைந்தது. நான்கு மணிநேரத்துக்குள் கவனிக்கப்பட்டோர் 65 விழுக்காட்டினர் மட்டுமே. அனுமதிக்க முடிவெடுத்த பின்னரும் 12 மணிநேரத்துக்கு மேல் படுக்கைக்காகக் காத்திருந்தோர் 54,000 பேருக்கும் அதிகம். மாரடைப்பு, பக்கவாதம் ஐயத்துக்குரிய அழைப்புகள் அடங்கும் இரண்டாம் வகை அழைப்புகளுக்கு அவசர ஊர்தி சராசரியாக 18 நிமிடங்களில் செல்ல வேண்டும். அம்மாதத்தில் சராசரி ஒன்றரை மணிநேரத்தைத் தாண்டியது. மருத்துவமனை வாயிலில் நோயாளியை ஒப்படைக்கக் காத்திருக்கும் ஊர்தி அடுத்த அழைப்புக்குச் செல்ல இயலாமையே இதன் முக்கிய காரணம் ஆகும். அதே மாதத்தில் செவிலியர்களும் அவசர ஊர்திப் பணியாளர்களும் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர்.

விளைவுகள்

2022 இல் எமர்சன்சி மெடிசின் சர்னல் என்னும் இதழில் வெளியான ஆய்வு, அனுமதிக்கப்பட வேண்டிய நோயாளிகள் வந்த நேரத்திலிருந்து 6 முதல் 8 மணிநேரத்துக்கு மேல் தாமதிக்கப்பட்டால், அத்தகைய ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாட்களுக்குள் ஓர் இறப்பு கூடுதலாக நிகழ்வதாகக் கணித்தது. இதன் அடிப்படையில், 2023 இல் நீண்ட காத்திருப்புடன் தொடர்புடைய கூடுதல் இறப்புகள் வாரத்துக்கு 250க்கும் மேல் என அரச அவசர மருத்துவக் கல்லூரி மதிப்பிட்டது. ஒரு புள்ளியியல் தொடர்பிலிருந்து தனித்தனி இறப்புகளுக்குக் காரணம் கற்பிக்க இயலாது என்ற மறுப்பும் உண்டு.

நடைவழிகளில் நோயாளிகளை வைத்துச் சிகிச்சை அளிப்பதும் பரவலாயிற்று. 2025 சனவரியில் அரச செவிலியர் கல்லூரி, 5,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் அனுபவங்களைத் திரட்டி இது பற்றிய அறிக்கையை வெளியிட்டது. உயிர்வளி, மறைப்புத்திரை, அழைப்பு மணி ஆகியவை அற்ற இடங்களில் முதியோர் பல மணிநேரம் கிடத்தப்படுவது குறித்து அவ்வறிக்கை எச்சரித்தது.

தீர்வு முயற்சிகள்

2023 சனவரியில் அறிவிக்கப்பட்ட மீட்புத் திட்டம், 95 விழுக்காட்டுக்குப் பதிலாக 2024 மார்ச்சுக்குள் 76 விழுக்காடு என்ற இடைக்கால இலக்கை வைத்தது. அடுத்த ஆண்டுக்கு இது 78 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இரண்டும் எட்டப்படவில்லை. சிறு காயங்களையும் நோய்களையும் கவனிக்கும் உடனடிச் சிகிச்சை மையங்கள், அன்றே வீடு திரும்பும் அவசர சிகிச்சை, வீட்டிலேயே நோயாளியைக் கண்காணிக்கும் "மெய்நிகர் வார்டு" ஆகியனவும் விரிவுபடுத்தப்பட்டன. 2023 முதல், அனுமதி முடிவிலிருந்து அன்றி, நோயாளி வந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்பட்ட 12 மணிநேரக் காத்திருப்புப் புள்ளிவிவரங்களும் வெளியிடப்படுகின்றன.

2024 செப்டம்பரில் வெளியான டார்சி அறிக்கை தேசிய சுகாதார சேவையைக் கவலைக்கிடமான நிலையில் உள்ளதாக விவரித்தது. மருத்துவமனைக்கு வெளியே உள்ள பொது மருத்துவம், சமூக மருத்துவம், சமூகப் பராமரிப்பு ஆகியவற்றை வலுப்படுத்தாமல் அவசரப் பிரிவுகளின் சுமையைக் குறைக்க இயலாது என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* தேசிய சுகாதார சேவை
* அவசர மருத்துவம்
* முதலுதவி
* பொது மருத்துவர்