ஓட்டுச்சீட்டு வாத்தியார் கைக்கு வந்த கதை

சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். வசூலை முடித்துக்கொண்டு டாக்குரியா பாலம் இறங்கி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு கல்லூரி வாசலில் பத்துப் பதினைந்து பேர் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் போராட்டம் என்று நினைத்துக் கிட்டப் போனால், எல்லாம் நரைத்த தலை. வாத்தியார்கள்! அட்டையில் வங்காளத்தில் ‘நிர்பாச்சன் சாய்’ என்று எழுதியிருந்தது. தேர்தல் வேண்டும் என்று அர்த்தம். யாருக்குத் தேர்தல் என்று விசாரித்தேன். கல்லூரியின் திட்டங்களை முடிவு செய்கிற சபைக்கு எங்கள் ஆளை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் ஒருவர். பிள்ளைகளின் அட்மிஷன், ஃபீஸ் என்றால் நாம் ஓடோடிப் போய்க் கேட்கிறோம். இதை நம்மில் யாரும் கேட்டதில்லை. அன்று முதல் கிடைத்த புத்தகங்களைப் புரட்டிச் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை. எழுதுகிறவன் வியாபாரி, பேராசிரியர் அல்ல. அன்பர்கள் அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857 ஜனவரி 24. நம் சென்னைப் பல்கலைக்கழகம் அதே வருஷம் செப்டம்பர் 5. அந்த நாளில் பல்கலைக்கழகத்தில் வகுப்பறையே கிடையாது. லண்டன் முறையைப் பார்த்து அமைத்தது. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் வேலை. பாடம் சொல்வது கல்லூரிகளின் பாடு. ஆகவே செனட் சபையில் வாத்தியார் இருந்தே தீரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உறுப்பினர்களை அரசாங்கம் ஆயுள் முழுவதற்கும் நியமித்தது. நாளடைவில் அது ஒரு மரியாதைப் பதவியாகிவிட்டது. வராத உறுப்பினர்களே ஏராளம். லான்ஸ்டவுன் பிரபு காலத்தில் பட்டதாரிகள் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று ஒரு சின்ன ஜன்னல் திறந்தது.

அப்புறம் வந்தார் கர்சன் பிரபு. 1902இல் தாமஸ் ராலே தலைமையில் கமிஷன். 1904இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். கமிஷனில் இருந்த குருதாஸ் பானர்ஜி மாற்றுக் குறிப்பு எழுதினார். சட்டசபையில் கோகலே எதிர்த்தார், அசுதோஷ் முகர்ஜியும் வாதாடினார். பலிக்கவில்லை. அந்தச் சட்டத்தின் கணக்கைக் கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் பாருங்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை செனட்டுக்கு அதிகபட்சம் 100 பேர், பதவி ஐந்து வருஷம். அதில் தேர்தலில் வருகிறவர்கள் 20. பட்டதாரிகள் ஓட்டில் 10, பாடப்புலங்கள் வழியாக 10. மீதி 80 பேரும் வேந்தர் நியமனம். கல்கத்தாவுக்கு அப்போது வேந்தர் வைஸ்ராயேதான். நாலணா பங்குதாரருக்குக் கூட்டு வியாபாரத்தில் எவ்வளவு சொல் செல்லும்? ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சட்டம்தான் சிண்டிகேட்டில் கல்லூரி முதல்வர்களும் ஆசிரியர்களும் ஏறக்குறைய பாதிப்பேராவது இருக்க வழி செய்தது. பல்கலைக்கழகம் தானே பாடம் சொல்லலாம் என்றும் அனுமதித்தது. கர்சன் மேல் உள்ள கோபத்தில் இதை நம் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர் அசுதோஷ் முகர்ஜி. 1906 முதல் 1914 வரையிலும், பிறகு 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தர். தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிஹாரி கோஷும் லட்சக் கணக்கில் கொடுத்த பணத்தில், 1914இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நட்டார். லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகும்போது நாம் நடக்கிறோமே ராஷ்பிஹாரி அவென்யூ, அந்த ராஷ்பிஹாரிதான்.

என் வரையில் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான வருஷம் 1917. அந்த வருஷம் முதுகலைப் பாடங்களுக்காகக் கலைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என இரண்டு கவுன்சில்கள் அமைந்தன. முதுகலையில் பாடம் நடத்துகிற ஆசிரியர் யாராக இருந்தாலும் அதில் உறுப்பினர்! அவர்களுக்குள்ளிருந்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பாடத்துக்குப் பாடம் உயர்கல்விக் குழுவும் உண்டு. எந்தப் பாடம், யார் நடத்துவது, எவ்வளவு செலவு என்ற யோசனை அங்கே புறப்பட்டுக் கடைசியில் செனட்டுக்குப் போகும். அறுபது வருஷம் வாசலில் நின்ற வாத்தியார் கூடத்துக்குள் வந்துவிட்டார்.

நமக்கும் இதில் பெருமை உண்டு. அதே 1917இல்தான் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். 1921இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் ஐந்தாம் ஜார்ஜ் தத்துவப் பேராசிரியராக வந்தார். மொழி வேறு, ஊர் வேறு. ஆனாலும் வங்காளிப் பேராசிரியர்களோடு சம வரிசையில் கவுன்சில் நாற்காலி. வெளியூரில் பிழைக்கிற நமக்கு அதன் அருமை தெரியும்.

குறை இல்லையா? இருந்தது. இரண்டு கவுன்சிலுக்கும் தலைவர் அசுதோஷேதான். பெரிய ஆலமரத்தடியில் போட்ட ஓட்டு. அதோடு பல ஆசிரியர்களுக்குத் தவணை நியமனம். அடுத்த மாசம் வேலை புதுப்பிக்க வேண்டியவன் நிமிர்ந்து ஓட்டுப் போடுவானா? என் கடையில் வேலை செய்கிற பையனை, ‘நான் நல்ல முதலாளியா, சொல்லு’ என்று கேட்டால் என்ன சொல்வான்! சரித்திர அறிஞர் ஜாதுநாத் சர்க்கார் அந்த முதுகலைத் துறைகளைக் கடுமையாக விமர்சித்தார். பின்னால் 1926இல் அவரே துணைவேந்தரானார்.

இங்கே நம்மவர்கள் உடனே உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்துவிடுவார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன், அந்தக் கல்வெட்டைக் கண்ணால் பார்த்தவன். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். அது ஓட்டு அல்ல, சீட்டுக் குலுக்கல். நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உள்ளவருக்குத்தான் குடத்தில் ஓலை. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது என்று ஒரு விதி வைத்தார்களே, அதற்கு நான் இரண்டு கையாலும் கும்பிடுவேன்.

கவுன்சிலுக்குச் சோதனை 1922இல் வந்தது. பல்கலைக்கழகத்தில் பணம் இல்லை, ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி. வங்க அரசாங்கம் இரண்டரை லட்சம் ரூபாய் தருகிறேன் என்றது, கூடவே நிபந்தனைகளும் போட்டது. நிபந்தனையை ஏற்றால் கணக்கும் கட்டுப்பாடும் அரசாங்கத்தின் கைக்குப் போகும். டிசம்பரில் செனட் கூடி, அந்த நிபந்தனைப் பணம் வேண்டாம் என்று முடிவு செய்தது. சம்பளம் வராத வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த முடிவைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வருஷம், தம் நிபந்தனைக்கு உட்பட்டால் பதவி நீட்டிப்பு என்று லிட்டன் பிரபு எழுதினார். அசுதோஷ் மறுத்துவிட்டு வெளியேறினார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1917 முதல் 1919 வரை வேலை செய்த சாட்லர் கமிஷன், படிப்பு விஷயங்களுக்குத் தனியாகக் கல்விக்குழு வேண்டும் என்றது. சென்னை 1923 சட்டத்தில் அதை ஏற்றது. கல்கத்தா சுதந்திரத்துக்குப் பிறகு 1951 சட்டத்தில்தான் ஏற்றது. பின்னர் 1979இல் வேறு சட்டம். நம் பக்கத்து யாதவ்பூர், 1906இல் தேசியக் கல்வி மன்றமாகத் தொடங்கி 1955இல் பல்கலைக்கழகமானது. 1981 சட்டத்தில் அதன் நிர்வாகக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதிகளுக்கு இடம் தரப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியபின் மேற்கு வங்கப் பல்கலைக்கழகச் சட்டங்கள் திருத்தப்பட்டு இந்தச் சபைகளின் அமைப்பே மாறியது. கட்சி அரசியலை வெளியேற்ற வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். கட்சிக்காரர்கள் உள்ளே புகுந்திருந்தது உண்மைதான், நாமும் பார்த்தோம். ஆனால் எலி புகுந்தது என்று களஞ்சியத்தின் கதவையே அடைப்பதா என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்கின்றன.

அன்று வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்கும் ஒரு மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அப்படிப்பட்ட சபைக்கு அவர் ஓட்டுப் போட்டது மூன்றே முறையாம். ‘அடுத்தது எப்போது தாதா?’ என்றேன். தமக்கு மார்ச்சில் ரிட்டயர்மெண்ட் என்று சொல்லிவிட்டு, அட்டையை நிமிர்த்தி வைத்தார்.