பத்து என்னும் கல்: கெடாவில் முன்னோர்வழி ஒரு சாலைப் பயணம்



இடைநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். ஸ்காட்லாந்தில் மகிழுந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலையும் ஏரியும் பார்த்தவாறே கோட்டை கோட்டையாகச் சுற்றி, பாட்டன் பூட்டன் பிறந்த சிற்றூரையும் அவர்தம் கல்லறையையும் தேடிக் கண்டு திரும்புகிறார்களாம். "நமக்கும் அப்படி ஒரு சாலை இருக்கிறதா ஐயா?" என்றாள். இருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அச்சாலையைத் தாளில் வரையத் தொடங்கினேன். கோட்டைகளைக் குறிப்பது எளிதாக இருந்தது. முன்னோரைக் குறிக்கும்போதுதான் எழுதுகோல் நின்றது. இவ்வுரை அந்தத் தாளின் விரிவு.

பயணம் திகாம் பத்துவில் தொடங்குகிறது. அதனை அண்டிய ஒரு தோட்டத்தில் நான் பிறந்தேன் என்பது ஒரு காரணம். மூடா ஆற்றைக் கடந்து பினாங்கு மாநிலத்திலிருந்து கெடாவுக்குள் வரும் பழைய கூட்டரசுச் சாலையில் அவ்வூர் அமைந்திருப்பது மற்றொரு காரணம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். அதில் விரைவு உண்டு, ஊர் இல்லை.

சிறுவனாக இருந்தபோது திகாம் பத்து என்பதில் உள்ள பத்தை எண் என்றே கருதியிருந்தேன். பத்து என்ன, பத்து வீடா, பத்து மரமா என்று தாயாரைக் கேட்டதுண்டு. மலாயில் பத்து என்பது கல். திகாம் என்பது குத்துதல், எறிதல். அடுத்த ஊரான சுங்கைப் பட்டாணியில் நம்மவர் செவி கடலை வகையைக் கேட்டது. மலாயில் அச்சொல் உழவரைக் குறிக்கும். புதிய நிலத்துக்கு வந்தவர்கள் அதன் பெயரைத் தம் மொழிக்குள் வைத்துத்தான் விளங்கிக்கொள்வார்கள். இதனைப் பிழை என்று ஒதுக்கும் மொழியியலாளர் பாதிச் சான்றை இழப்பார். பத்து என்னும் இக்கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழியெங்கும் அது வரும்.

சுங்கைப் பட்டாணியைக் கடந்து வடக்கே பீடோங். 1909-ஆம் ஆண்டு ஆங்கிலேய சயாமிய உடன்படிக்கையால் கெடா பிரித்தானியர் மேலாட்சிக்குள் வந்த பின், இப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அடுத்த ஆண்டே மலாயாவில் சஞ்சிக்கூலி முறை முடிவுக்கு வந்தது. எனவே கெடாத் தோட்டங்களுக்கு வந்தோரில் பெரும்பாலோர் கங்காணியின் கைபிடித்து வந்தவர்கள். பீடோங்கை அடுத்த ஆர்வார்டு தோட்டம் தொழிலாளர் வரலாற்றில் தனி இடம் பெற்றது. போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று எழுந்த தொண்டர் படை இயக்கத்துக்கு அதுவே நடுவமாக இருந்தது. அது தனி உரைக்குரிய செய்தி. ஓட்டுநரை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், அது போதும்.

பீடோங்கிலிருந்து மேற்கே திரும்பினால் செமிலிங் சாலை. ஜெராய் மலை வலப்புறம் எழுந்து நிற்கும். கடலிலிருந்து வரும் கப்பலுக்கு முதலில் தெரியும் அடையாளம் அதுவே என்பதை அதன் அடிவாரத்தில் நிற்கும்போது உணரலாம். இச்சாலையில் நமது இரண்டாவது பத்து வருகிறது: சுங்கை பத்து, கல்லாறு. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இங்கு நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய இடங்களும், துருத்தியோடு பொருத்திய மண்குழல்களும், செங்கல்லால் ஆன படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றின் தொன்மையைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாணவர்க்கு ஆண்டைக் காட்டிலும் அந்த மண்குழலைக் காட்டுங்கள். இங்கு அரசர் மட்டும் வாழவில்லை, உலையில் வெந்தவர்களும் வாழ்ந்தார்கள் என்று அது சொல்லும்.

அங்கிருந்து மெர்போக். தொல்பொருள் காட்சியகமும், ஓடைக்கரையில் மூன்றாவது பத்தும் உள்ளன: புக்கிட் பத்து பாஹாட், உளிபட்ட கல்லின் குன்று. இங்குள்ள சண்டியை, அதாவது கோயிலை, 1936, 1937-இல் குவாரிச் வேல்ஸ் இணையர் ஆராய்ந்தனர். 1960-ஐ ஒட்டி அலஸ்டேர் லாம்ப் மீண்டும் அடுக்கி நிறுத்தினார். கருங்கல் அடித்தளமும் தூண் தாங்கிய கல்லிருக்கைகளும் எஞ்சியுள்ளன. மேலே இருந்த மரக்கூரை மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் வழிகாட்டிகளும், சில வேளை நம் ஆசிரியர்களும், "இது இராசேந்திர சோழன் கட்டியது" என்று சொல்லக் கேட்கிறேன். அன்பு கூர்ந்து அதனை விட்டுவிடுங்கள். முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை 1025-இல் இக்கடலுக்கு வந்தது உண்மை. தஞ்சைப் பெருங்கோயிலில் உள்ள மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம் என அவன் வென்ற இடங்களை அடுக்கிக் கடாரத்தில் முடிக்கிறது. ஆனால் அது வெற்றியின் பட்டியல், குடியேற்றத்தின் பட்டியலன்று. இப்பள்ளத்தாக்கில் கிடைத்துப் படிக்கப்பட்ட பழங்கல்வெட்டுகள் வடமொழியின, பௌத்தம் சார்ந்தவை. தமிழ்க் கல்வெட்டு வேண்டுவோர் வடக்கே தாய்லாந்தின் தக்குவாபாவுக்கும், மேற்கே சுமாத்திராவின் பாருசுக்கும் செல்ல வேண்டும். அவ்விரண்டும் வணிகக் குழுக்களின் பெயர் தாங்கியவை. கடல் கடந்த தமிழின் தடத்தைப் பதித்தவர்களில் அரசரை விட வணிகர்க்கே பங்கு மிகுதி என்பது என் எண்ணம். இப்பள்ளத்தாக்கு மலாய் மக்களின் முன்னோர்க்கும் உரியது என்பதையும் மாணவர் அறிந்து திரும்ப வேண்டும்.

கடாரம் என்னும் சொல்லையே பாருங்கள். வடமொழியில் இவ்விடம் கடாகம் எனப்பட்டது. அச்சொல்லுக்குக் கொப்பரை என்று பொருள். தமிழில் கடாரம் என்பதும் கொப்பரையே. பட்டினப்பாலையில் வரும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரைத்தார். ஒரு மண்ணின் பெயரை வந்தவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பாத்திரமாக மாற்றிக்கொண்டனர் போலும். சுங்கைப் பட்டாணியில் பட்டாணியைக் கேட்ட நம் பாட்டிமார் அதே மரபினர்தாம்.

இனி ஒரு செய்தி. அகழ்ந்தோர் இச்சண்டிகளுக்கு எண் இட்டனர். சிலவற்றைத் தோட்டத்தின் பெயராலேயே குறித்தனர். ஏனெனில் அவை பால்மரங்களுக்கு இடையில் கிடந்தன. அம்மரங்களுக்குக் கீழே விடியுமுன் மங்கு கழுவி, நிரை நிரையாக நடந்தவர்கள் தமிழர். செங்கல் காலில் இடறியிருக்கும். அதை எந்த அறிக்கையும் எழுதவில்லை. 11-ஆம் எண் சண்டி வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது 2013-இல் வெளியே தெரிந்தபோது நாடெங்கும் குரல் எழுந்தது, நானும் கையொப்பமிட்டேன். எண்ணும் ஏடும் உடைய ஒன்றுக்கே அந்நிலை. எண்ணில்லாத லயங்கள் எத்தனை போயின என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மெர்போக்கிலிருந்து யான் வழியாகக் கடலோரமாகச் செல்லும் சாலை இப்பயணத்தின் அழகிய பகுதி. ஒருபுறம் மலை, மறுபுறம் நெல்வயல். அது கோல கெடாவில் முடியும். லங்காவிப் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் 18-ஆம் நூற்றாண்டுச் செங்கற்கோட்டை நிற்கிறது. 1821-இல் சயாமியர் அதைக் கைப்பற்றினர். அவர்களிடமிருந்து காப்பு கிடைக்கும் என்று நம்பித்தான் 1786-இல் பிரான்சிஸ் லைட்டுக்குப் பினாங்கைக் கெடா சுல்தான் விட்டுக்கொடுத்தார், காப்பு வரவில்லை. பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையையும் இதையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தால் அவ்வொப்பந்தம் புத்தகத்தை விடத் தெளிவாக விளங்கும்.

மாளிகைக் கோட்டையே வேண்டும் என்று மாணவர் அடம் பிடித்தால் ஒரு நாளைக் கூட்டி, பேராக்கில் உள்ள நான்காவது பத்துவுக்கு, பத்து காஜாவுக்கு, அழைத்துச் செல்லுங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகை அங்கு உள்ளது. 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் அது முற்றுப்பெறவில்லை. பேய்க்கதை சொல்வார்கள், கேட்டுச் சிரித்துவிட்டு, அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்து செல்லுங்கள். நோயால் தொழிலாளர் மடிந்தபோது அவர்கள் வேண்டிக்கொண்டபடி துரை கட்டித்தந்தது என்பர். அதன் கூரைமேல் சுதைத் தெய்வங்களுக்கு நடுவே துரையின் உருவமும் நிற்கிறது. மடிந்தவர் பெயர் எங்கும் இல்லை.

வினா எழுப்பிய அம்மாணவிக்கு நான் சொல்ல விரும்பிய செய்தி நாகப்பட்டினத்தில் இருக்கிறது. கடாரத்து அரசன் அங்கே தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். முதலாம் இராசராசன் அதற்கு 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். அவ்விகாரையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கற்கோபுரம் ஒன்று மாலுமிகளுக்குக் கடலடையாளமாக நெடுங்காலம் நின்று, 1867-இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே நாகையிலிருந்து பினாங்குக்குக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. கரை மறையும்போது அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் கடைசியாகத் தெரிந்தவற்றுள் அக்கோபுரமும் ஒன்றாக இருந்திருக்கும். கடாரத்தான் கட்டியதைப் பார்த்தவாறே கடாரத்துக் கடலுக்கு வந்தவர்கள் அவர்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே பயணம் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். சென்ற பங்குனியில் அம்மாணவியையும் அவள் தோழியர் மூவரையும், அவர்தம் ஆசிரியையையும் ஏற்றிக்கொண்டு நான் பிறந்த தோட்டத்துக்குச் சென்றேன். செம்பனை பாதி, வீடமைப்பு பாதி. லயம் இருந்த இடம் வாகன நிறுத்தம். கோயிலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டனர். பழைய இடத்தில் அரசமரம் மட்டும் நிற்கிறது. பெரட்டுக்களம் எது, ஆயாக்கொட்டகை எது என்று என்னாலேயே சொல்ல இயலவில்லை.

அடுக்குமாடி வீட்டிலிருந்து ஓர் அம்மையாரை அழைத்துவந்தோம். எண்பதைத் தாண்டியவர், முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். கைத்தடியை ஊன்றிச் சிறிது நேரம் திசை பார்த்தார். பிறகு, "இங்கதாம்மா பெரட்டு. அந்தக் கடை இருக்கே, அது பாம்பு நிரை. அதுக்கு அந்தாண்ட ஒத்தப்புளி. அதுக்கும் கீழ பள்ளத்து நிரை, மழை பேஞ்சா மங்கு மிதக்கும்" என்றார். நிலப்படத்தில் அவ்விடங்களுக்கு எண்கள் மட்டுமே உண்டு. மாணவியர் எழுதிக்கொண்டே வந்தனர். பதினேழு பெயர்கள். தோட்டத்தில் பிறந்து, தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அவற்றுள் நான்குதான் தெரிந்திருந்தன.

பதினெட்டாவதைச் சொல்ல வந்து நிறுத்தினார். "அது வாயில வருது, வரமாட்டேங்குது. அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் சென்றோம்.