ஒரு வகுப்பு, இரண்டு பதிவேடு



வரலாறு என்றால் அரசர்களும் போர்களும்தானா? இது 2012 டிசம்பர் 22, சனிக்கிழமை நடந்தது. கணினித் துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்களும் படியுங்கள்.

உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் கிட்ஹப். அங்கே கோப்பு சர்வர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று இரண்டும் ஓயாமல் சொல்லிக்கொள்ளும். இதற்கு இதயத்துடிப்பு என்று பெயர். துடிப்பு நின்றால் மற்றது பொறுப்பேற்கும்.

ஆனால் துடிப்பு நின்றது கூட்டாளி விழுந்ததாலா, நடுவில் தொடர்பு அறுந்ததாலா? இருந்த இடத்திலிருந்து சொல்லவே முடியாது. ஒரே வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் தனித்தனி அறையில் சேர்க்கைப் பதிவேடு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 41ஆம் எண்ணை இவர் ஒரு பிள்ளைக்குத் தருவார், அவர் வேறொரு பிள்ளைக்குத் தருவார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. சேர்த்தால் இரண்டும் கெட்டது.

அதற்காகத்தான் பொறுப்பேற்கும் முன் கூட்டாளியின் மின்சாரத்தையே துண்டித்துவிடும் ஏற்பாடு. 'மற்றவன் தலையில் சுடு' என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, யோசனை சரியானது.

அன்று சுவிட்சுகளின் மென்பொருளைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்த பராமரிப்புப் பணியின்போது, சுமார் 90 விநாடி போக்குவரத்து நின்றது. பாதுகாப்புக்காகவே வெவ்வேறு அடுக்குகளில் வைத்திருந்த ஜோடிகள், ஒன்றையொன்று இறந்ததாக எண்ணின. துண்டிப்புக் கட்டளைகளில் சில போய்ச் சேரவில்லை. தொடர்பு திரும்பியதும் பல ஜோடிகளில் இரண்டுமே "நானே பொறுப்பு" என்றன. ஒன்றையொன்று நிறுத்தி, இரண்டும் படுத்துவிட்ட ஜோடிகளும் உண்டு.

பொறியாளர்கள் அவசரப்படாததுதான் நான் மெச்சும் இடம். தளத்தையே மூடிவிட்டு, கடைசியாக எது எழுதிக்கொண்டிருந்தது என்று குறிப்பேடுகளைப் பார்த்துத்தான் ஜோடிகளை மீட்டார்கள். தவறான நகலை எழுப்பியிருந்தால் பலருடைய உழைப்பு போயிருக்கும்.

1980களிலேயே டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ்கிளஸ்டர் இதற்கு ஓட்டு முறை வைத்திருந்தது. பெரும்பான்மை இல்லாத பக்கம் எழுதாமல் நின்றுவிடும். இரண்டே கணினிகள் என்றால், ஒரு வட்டுக்கு மூன்றாவது ஓட்டு.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஜோடிக்கு மூன்றாவது ஓட்டு எங்கே இருக்கிறது? கீழே எழுதுங்கள்.