எல்பின்ஸ்டன் பள்ளியும் டிபன் டப்பாக்களும்

செம்பூர்வாசிகளே, எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் ஞாபகம் இருக்கா? 2018-ல் பிரபாதேவி ஆகிவிட்டது. அது அண்ணன் மகன் எல்பின்ஸ்டன். நான் சொல்லப்போவது சித்தப்பா மவுன்ட்ஸ்டூவர்ட் பெயரிலான பள்ளியைப் பற்றி.

வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளி. தாதாபாய் நௌரோஜி இங்கே படித்தவர்தான். 1892-ல் லண்டன் பின்ஸ்பரியில் ஜெயித்து பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கே போனார். பத்ருதீன் தயாப்ஜியும் இங்கேதான். 1887-ல் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர் அவர்.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது பரேல் சாலில் ஒற்றை அறையிலிருந்து வந்த பையன். வாத்தியார் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டதும் மற்ற பிள்ளைகள் ஓடினார்கள். எதுக்குத் தெரியுமா? பலகைக்குப் பின்னால் இருந்த டிபன் டப்பாக்களை எடுக்க! தீட்டாகிவிடுமாம். சமஸ்கிருதமும் படிக்க விடவில்லை, பெர்சியன்தான் கிடைத்தது. (சமஸ்கிருதத்தைப் பிற்பாடு தானே கற்றுக்கொண்டார், அது வேற கதை.)

1907-ல் மெட்ரிக் பாஸ். சாதி சனமே கூடிப் பாராட்டு விழா எடுத்தது. பையன் யாரென்று கண்டுபிடித்திருப்பீர்கள், அம்பேத்கர்தான். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாக அவர் போனபோது, கூடப் போனவர் நம்ம ரெட்டைமலை சீனிவாசன்.