கலவரமா? படுகொலையா? (டல்சா, 1921)

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் டாலஸில் இருக்கும் என் மாணவன் ஒருவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவன் மகளே எட்டாம் வகுப்பு. "டீச்சர், பாப்பாவுக்கு ஸ்கூல்ல டல்சா பத்தி ப்ராஜெக்ட் கொடுத்திருக்காங்க. நூறு வருஷத்துக்கு முந்தின அடிதடியை எதுக்கு டீச்சர் இப்பப் பிள்ளைங்க தலையில ஏத்தணும்?" என்று கேட்டான். போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் சமூக அறிவியல் நடத்தினேனே, அமெரிக்கா என்றால் லிங்கன், அடிமைமுறை ஒழிப்பு, அப்புறம் ஒரே தாவாக மார்ட்டின் லூதர் கிங். நடுவில் நூறு வருடம் என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டல்சா என்ற ஊர்ப் பெயரையே பணி ஓய்வுக்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

டல்சா, ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த ஊர். ரயில் பாதைக்கு வடக்கே கிரீன்வுட் என்ற பகுதியில் சுமார் பத்தாயிரம் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். வெள்ளையர் கடைகளில் அவர்களுக்கு மரியாதை இல்லை. அதனால் தாங்களே கடை, ஹோட்டல், தியேட்டர், மருத்துவமனை, பத்திரிகை எல்லாம் நடத்தினார்கள். பின்னாளில் கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட் என்று பெயர் பெற்ற இடம் அது.

1921 மே 30. ஷூ பாலிஷ் போடும் டிக் ரோலண்ட் என்ற 19 வயது கறுப்பின இளைஞன் ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறினான். லிஃப்டை இயக்கிய சாரா பேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண் அலறினாள். உள்ளே என்ன நடந்தது என்பது இன்றுவரை தெளிவில்லை. (அந்தப் பெண் வழக்கு நடத்த விரும்பவில்லை, செப்டம்பரில் வழக்கே தள்ளுபடி ஆயிற்று.) மறுநாள் அவனைக் கைது செய்தார்கள். அன்று மாலை டல்சா டிரிப்யூன் பத்திரிகை, பெண்ணைத் தாக்கியவன் பிடிபட்டான் என்று முதல் பக்கத்தில் போட்டது. இருட்டுவதற்குள் நீதிமன்ற வாசலில் வெள்ளையர் கூட்டம் கூடிவிட்டது.

முதல் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள் உட்படச் சில கறுப்பின ஆண்கள் துப்பாக்கியோடு காவலுக்கு வந்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. ஒன்பது மாதத்துக்கு முன்புதான் அதே நீதிமன்றச் சிறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கைதியையே கூட்டம் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டிருந்தது. இரவு பத்து மணியளவில் ஒரு குண்டு வெடித்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஜூன் 1 விடிந்ததும் ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் கிரீன்வுட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் பலருக்கு முந்தைய இரவே போலீஸ் அதிகாரம் கொடுத்திருந்தது. வீட்டைக் கொள்ளையடித்துவிட்டுத் தீ வைப்பது, இதுதான் முறை. 35 தெருத்தொகுதிகள், 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். டாக்டர் ஏ. சி. ஜாக்சன் கைகளை உயர்த்தியபடி வெளியே வந்தார், சுட்டுக் கொன்றார்கள். உயிர் பிழைத்த ஆயிரக்கணக்கானவர்களைக் காவலில் அடைத்தார்கள். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் வந்து உத்தரவாதம் கொடுத்தால்தான் விடுதலை. வீடு இழந்தவனைக் காவலில் வைத்தார்கள், தீ வைத்தவன் வீட்டுக்குப் போனான்.

எத்தனை பேர் இறந்தார்கள்? அன்றைய அரசுக் கணக்கு 36. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் 100 முதல் 300 வரை என்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அன்றே இதற்குக் கலவரம் என்று பெயர் வைத்தார்கள். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது என்று பொருள். அதே மாதம் விசாரித்த பெரு நடுவர் குழு, துப்பாக்கியோடு வந்த கறுப்பர்கள்தான் காரணம் என்று எழுதி முடித்தது. என் கருத்தைச் சொல்கிறேன்: முதல் நாள் இரவு நீதிமன்ற வாசலில் நடந்ததை வேண்டுமானால் சண்டை எனலாம். மறுநாள் காலை வீடு வீடாக நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வெறும் பெயர்தானே என்று விடவும் முடியாது. இன்சூரன்ஸ் பத்திரங்களில், கலவரத்தால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்று ஒரு விதி இருந்தது. அதைக் காட்டி நிறுவனங்கள் கைவிரித்தன. கிரீன்வுட்டில் கட்டடங்கள் வைத்திருந்த ரெட்ஃபர்ன் என்ற வெள்ளைக்காரர்கூட மாநில உச்ச நீதிமன்றம்வரை போய் 1926-இல் தோற்றார். நகராட்சியும் எரிந்த வீடுகளுக்குக் காசு தரவில்லை. தன் கடையிலிருந்து கூட்டம் அள்ளிக்கொண்டு போன துப்பாக்கிகளுக்காக ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரருக்கு மட்டும் கொடுத்தது!

பிறகு மௌனம். டிரிப்யூன் பத்திரிகையின் பழைய பிரதிகளை மைக்ரோஃபிலிம் எடுத்தபோது அந்த நாளின் முதல் பக்கச் செய்தியும் தலையங்கப் பக்கத்தில் ஒரு பகுதியும் கிழிந்திருந்தன. செய்தி வேறொரு பிரதியில் கிடைத்துவிட்டது. தலையங்கப் பக்கத்தில் கிழிந்த பகுதி கிடைக்கவே இல்லை. அன்றிரவு தூக்கிலிடப் போகிறார்கள் என்று அதில் எழுதியிருந்ததாக வயதானவர்கள் சொன்னார்கள். இல்லை என்பவர்களும் உண்டு. விமானத்திலிருந்து தீப்பந்து வீசினார்களா, வேவு மட்டும் பார்த்தார்களா என்பதிலும் இதே தகராறு. நேரில் பார்த்த வழக்கறிஞர் பி. சி. ஃபிராங்க்ளின், வானத்திலிருந்து தீ விழுந்ததாக 1931-இல் எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 2015-இல்தான் வெளியே வந்தது.

மேரி பாரிஷ் என்ற தட்டச்சு ஆசிரியையும் தான் பார்த்ததையும் பிழைத்தவர்கள் சொன்னதையும் தொகுத்து அப்போதே ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சில பிரதிகள்தான் அச்சாயின. டைப்ரைட்டிங் டீச்சர் செய்த வேலையைச் சரித்திரப் பேராசிரியர்கள் செய்ய அறுபது வருடம் ஆயிற்று.

இன்னொரு ஆசிரியர் கதையும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்ததே இதைத்தான்.

1950-களில் டல்சாவின் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் டபிள்யூ. டி. வில்லியம்ஸ் என்ற ஆசிரியர். அவருடைய பெற்றோர்தான் எரிந்துபோன டிரீம்லேண்ட் தியேட்டரின் சொந்தக்காரர்கள். ஒருநாள் வகுப்பில் அதைச் சொன்னார். டான் ராஸ் என்ற பையன் எழுந்து நின்று, கிரீன்வுட் எரியவே இல்லை, கட்டுக்கதை என்று மறுத்தான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பையன் அவன்! பெரியவர்கள் மீண்டும் நடந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகளிடம் சொல்லாமலே வளர்த்திருந்தார்கள். வில்லியம்ஸ் கோபப்படவில்லை. மறுநாள் ஒரு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். எரிந்த தேவாலயம், இடிந்த தியேட்டர், பிணங்கள். பல படங்கள் வெள்ளையர்களே நினைவுப் பொருளாக அச்சிட்டு விற்ற தபால் அட்டைகள்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். குறுக்கே பேசினதற்குப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தப் பையன் பின்னாளில் பத்திரிகை நடத்தினான். 1971-இல் எட் வீலர் என்ற வெள்ளைக்காரர் இதைப்பற்றி எழுதிய கட்டுரையை, எழுதச் சொன்ன வணிகர் சங்கமே போட மறுத்தது. எழுதியவருக்கு மிரட்டலும் வந்தது. அதைத் துணிந்து வெளியிட்டது ராஸின் பத்திரிகைதான். பிறகு அவர் சட்டமன்ற உறுப்பினராகி, 1997-இல் விசாரணைக் குழு அமையக் காரணமாக இருந்தார். 2001-இல் அறிக்கை வந்தது. இழப்பீடு கொடுங்கள் என்றது குழு. மாநிலம் உயிரோடிருந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது.

2018-இல் நூற்றாண்டுக் குழு தன் பெயரில் கலவரத்தை எடுத்துவிட்டுப் படுகொலை என்று மாற்றியது. 2021 மே மாதம், இனத்தை வைத்து மாணவர்கள் குற்ற உணர்வோ மனவேதனையோ கொள்ளும்படி கற்பிக்கக் கூடாது என்று ஓக்லஹோமாவில் சட்டம் வந்தது. டல்சா பாடத்தில் இருக்கத்தானே செய்கிறது என்கிறார்கள் சட்டத்தை ஆதரிப்பவர்கள். வகுப்பில் நிற்கிற ஆசிரியருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பிழைத்திருந்த மூதாட்டிகளின் இழப்பீட்டு வழக்கை 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அடுத்த மாதமே, ஓக்லான் கல்லறைத் தோட்டத்தில் பெயர் இல்லாத குழிகளிலிருந்து எடுத்த எலும்புகளில் முதல் மனிதரை மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டார்கள். சி. எல். டேனியல். முதல் உலகப்போரின் ராணுவ வீரர், ஜார்ஜியாக்காரர். அவர் தாய்க்கு உதவித்தொகை கேட்டு 1936-இல் வழக்கறிஞர் எழுதிய கடிதத்தில், டல்சாவில் கொல்லப்பட்டவர் என்று இருக்கிறது. 88 வருடமாகக் கோப்பில் கிடந்த கடிதம்.

தம்பி, பாப்பா ப்ராஜெக்டை முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல். டாலஸிலிருந்து டல்சாவுக்குக் காரில் நாலு மணி நேரம்தானாமே, முடிந்தால் ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்க் காட்டு. கிரீன்வுட் தெருவில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.